காசி செல்லும் வழியில் கொல்கத்தாவில் ஒரு நாள்

தமிழகத்திலிருந்து காசி, கயை யாத்திரை புறப்படும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொல்கத்தா ஓர் இடைவழி நகரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் ரயிலில் கடந்து ஹௌராவில் இறங்குவார்கள். கயைக்கோ காசிக்கோ செல்லும் வண்டி அன்று இரவிலோ மறுநாளோ இருக்கும். இடையில் ஒரு பகல் பொழுது கையில் கிடைக்கும். அந்தப் பகல் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கழிகிறது. ஒன்று, மொழி தெரியாத ஊரில் வெளியே செல்ல அஞ்சி, விடுதி அறையிலேயே படுத்துக் கிடப்பது. மற்றொன்று, வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஓட்டுநர் சொல்லும் பத்து இடங்களுக்கும் வெயிலில் ஓடி, இரவு வண்டி ஏறும்போது பெரியவர்களின் கால்கள் வீங்கிப் போயிருப்பது.

இரண்டாவது வகையில் ஓர் ஆபத்தும் உண்டு. கயையில் பிண்டம் இடும் நாளில் கர்த்தா வெறும் வயிற்றோடு நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும். பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என்று நடக்கவும் வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் எண்ணியிருந்து, பிள்ளைகளின் விடுப்பும் வண்டிச் சீட்டும் ஒருசேர அமைந்து, வாழ்நாளில் ஒரு முறை நிகழும் பித்ரு காரியம் அது. அதற்கு முந்திய நாளில் உடலைச் சோர்வடையச் செய்துவிட்டால், எதற்காகப் புறப்பட்டோமோ அதுவே குறைபட்டுப் போகும்.

ஆகவே கொல்கத்தாவின் அந்த ஒரு நாளை அளவாகத் திட்டமிடுவது அவசியம். தங்கும் விடுதியைச் சரியான இடத்தில் தேர்ந்துகொண்டால், இரண்டு பெரும் சக்தித் தலங்களும், கங்கைக் கரையும், பாரத நாட்டின் மிகப் பழமையான அருங்காட்சியகமும் எளிதில் எட்டும் தொலைவிலேயே உள்ளன.

விடுதி எங்கே அமைய வேண்டும்?

ஹௌரா ரயில் நிலையத்தைச் சுற்றியும் விடுதிகள் உண்டு. எனினும் ஊர் பார்க்க எண்ணுவோருக்கு ஏற்ற இடம் நகரின் நடுவிலுள்ள எஸ்பிளனேடு பகுதியே. தர்மதலா என்றும் உள்ளூரார் அதனை அழைப்பர். ஒருபுறம் மைதானம் என்ற பரந்த புல்வெளி. மறுபுறம் சௌரங்கிச் சாலை. பின்புறம் 1874-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூ மார்க்கெட் என்னும் பழைய அங்காடி. எளிய விடுதிகள் முதல் பெரிய ஓட்டல்கள் வரை இங்கு வரிசையாக உள்ளன.

இந்த இடத்தின் பெருமை இரண்டு மெட்ரோ ரயில் பாதைகள் சந்திப்பதில் உள்ளது. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று இதே எஸ்பிளனேடிலிருந்துதான் தெற்கே பவானிபூர் வரை ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை இப்போது வடக்கே தட்சிணேசுவரம் வரை நீண்டிருக்கிறது. எஸ்பிளனேடிலிருந்து தெற்கே ஆறாவது நிலையம் காளிகாட். வடக்கே பதினோராவது நிலையம் தட்சிணேசுவரம். இரு காளி தலங்களும் ஒரே பாதையில், நடுவே விடுதி. இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது பாதை கிழக்கு மேற்காக ஓடுவது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹௌராவையும் எஸ்பிளனேடையும் இணைத்து அது திறக்கப்பட்டது. ஹூக்ளி நதியின் அடியில் சுமார் 520 மீட்டர் சுரங்கத்தை வண்டி முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஹௌராவில் இறங்கியவர்கள் இரண்டாவது நிலையத்தில் எஸ்பிளனேடை அடைந்துவிடலாம். பெட்டி படுக்கைகள் மிகுதியாக இருந்தால் மட்டும் கார் அமர்த்திக்கொள்வது நலம். தெற்கிலிருந்து வரும் சில வண்டிகள் ஹௌராவுக்குச் செல்லாமல் சாலிமார் நிலையத்தோடு நின்றுவிடும் என்பதைப் பயணச் சீட்டு எடுக்கும்போதே கவனித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கார்தான் வழி.

விடுதியைப் பதிவு செய்யும்போது நான்கு செய்திகளைக் கேட்டறிதல் நன்று: மின்தூக்கி உள்ளதா, முழங்கால் வலியுள்ளோருக்கு ஏற்ற கழிவறை உள்ளதா, அறை கணக்கு நண்பகல் முதல் நண்பகல் வரையா அல்லது நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அறையைக் காலி செய்த பின் மாலை வரை பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா. கடைசி இரண்டுக்கும் முன்கூட்டியே விடை தெரிந்திருந்தால் ஒரு நாள் வாடகை மிச்சமாகும், நெருடலும் இராது.

பின்தெருவில் வாழ்ந்த ராணி

எஸ்பிளனேடு விடுதிகளிலிருந்து பத்து நிமிட நடையில் ஜான்பஜார் என்ற நெருக்கமான பகுதி உள்ளது. இன்று கடைகளும் பழைய மாடி வீடுகளும் நிறைந்த அத்தெருக்களில்தான் ராணி ராஸ்மணியின் மாளிகை இருக்கிறது. எஸ்பிளனேடில் அவர் பெயரிலேயே ஒரு சாலையும் உண்டு. தட்சிணேசுவரத்துக்குப் புறப்படும் முன் இந்தப் பெண்மணியைப் பற்றி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

1793-ஆம் ஆண்டு ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ராஸ்மணி. ஜான்பஜார் செல்வர் ராஜசந்திர தாஸுக்கு வாழ்க்கைப்பட்டார். நாற்பதைச் சற்றே கடந்த வயதில் கணவரை இழந்தார். பெரும் ஜமீன் நிர்வாகம் அவர் தோளில் விழுந்தது. அவர் தளரவில்லை. ஹூக்ளி நதியில் மீன் பிடிக்கும் ஏழைகள் மீது ஆங்கிலக் கம்பெனி வரி விதித்தபோது, அவர்கள் ராணியிடம் வந்து முறையிட்டனர். ராணி நதியின் ஒரு பகுதியைக் கம்பெனியிடமே பணம் கட்டிக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு அந்தப் பகுதியை இரும்புச் சங்கிலிகளால் அடைத்துவிட்டார். கப்பல்கள் நின்றன. கேள்வி எழுந்தபோது, குத்தகைதாரர் என்ற முறையில் தம் மீனவர்களின் நலனைக் காப்பது தம் உரிமை என்று விடை தந்தார். மீனவர்கள் மீதான வரி நீங்கியது. சட்டத்தின் எழுத்தைக் கொண்டே நியாயத்தை வென்ற செயல் அது.

இத்தகைய ராணி 1847-ஆம் ஆண்டு காசி யாத்திரைக்கு ஆயத்தமானார். ரயில் இல்லாத காலம். கங்கையில் படகுகள் வரிசையாக நின்றன. உறவினர், பணியாளர், பல மாதங்களுக்கான உணவுப் பொருள்கள் எல்லாம் ஏற்றப்பட்டன. புறப்படுவதற்கு முந்திய இரவு அன்னை காளி அவர் கனவில் தோன்றினாள். காசிக்கு வரத் தேவையில்லை. இந்தக் கங்கைக் கரையிலேயே கோயில் எழுப்பி வழிபடு, அங்கேயே உன் பூசையை ஏற்பேன் என்று அருளினாள். ராணி யாத்திரையை நிறுத்தினார். யாத்திரைக்கென ஒதுக்கிய பொருள் அனைத்தும் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் உரியதாயிற்று.

காசிக்குச் செல்லும் வழியில் இவ்வரலாற்றைக் கேட்போருக்கு ஒரு கேள்வி எழலாம். அப்படியானால் காசி யாத்திரை தேவையில்லையா? அப்படிப் பொருள் கொள்ளலாகாது. பித்ருக்களுக்குச் செய்ய வேண்டிய கடனுக்காகச் செல்பவர்கள் சென்றே ஆக வேண்டும். ஆனால் உடல் ஒத்துழையாமையால் பாதி வழியில் நின்றுவிட நேர்ந்தவர்களும், புறப்பட எண்ணியும் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் மனம் குமைய வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே அன்னை ஏற்றுக்கொள்கிறாள் என்பதற்குத் தட்சிணேசுவரம் கல்லும் சுண்ணமுமாக நிற்கும் சாட்சி.

காளிகாட்: காலைத் தரிசனம்

காலைப் பொழுதைக் காளிகாட்டுக்கு ஒதுக்குவது உகந்தது. திருக்கோயில் அதிகாலையிலேயே திறக்கிறது. பிற்பகலில் சில மணி நேரம் நடை சாத்தப்படும். செவ்வாய், சனிக்கிழமைகளிலும் அமாவாசையிலும் கூட்டம் மிகுதி. மற்ற நாள்களில் காலையிலேயே சென்றுவிட்டால் பெரியவர்கள் துன்பமின்றித் தரிசிக்கலாம். ஞாயிறன்று மட்டும் மெட்ரோ தாமதமாகத் தொடங்கும் என்பதால் அன்று கார்தான் ஏற்றது. காளிகாட் நிலையத்திலிருந்து கோயில் பத்து நிமிட நடை.

தட்சனின் வேள்வியில் உடலை நீத்த சதிதேவியின் வலது கால் விரல்கள் விழுந்த தலம் இது என்பது புராண மரபு. 51 சக்தி பீடங்களில் ஒன்று. பீடம் மிகப் பழமையானது என்றாலும் இன்று காணும் கோயில் 1809-ஆம் ஆண்டு சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரால் கட்டி முடிக்கப்பட்டது. நம் ஊர்க் கோபுரத்தைத் தேடும் கண்களுக்கு இது புதுமையாக இருக்கும். வங்காளக் கிராமத்துக் குடிசையின் வளைந்த கூரையைப் போலவே கட்டப்பட்ட விமானம். அதன்மேல் அதே வடிவில் சிறிய கூரை மற்றொன்று. மழை கொட்டும் நாட்டில் மக்கள் தம் வீட்டை எப்படி அமைத்தார்களோ அப்படியே அம்மைக்கும் அமைத்தார்கள்.

கருவறையில் அன்னையின் திருவுருவமும் நாம் பழகியது போன்றதன்று. கருங்கல் திருமுகத்தில் மூன்று பெரிய விழிகள், பொன்னால் ஆன நீண்ட நாக்கு, பொற்கரங்கள் நான்கு. ஒரு கரத்தில் வாள், ஒன்றில் அசுரன் தலை, மற்ற இரண்டும் அபயமும் வரமும். நெருக்கடியில் ஒரு கணமே காண வாய்க்கும். அந்த ஒரு கணத்தில் விழிகளை நோக்கினால் போதும் என்பர் அங்குள்ள அடியார்கள். தீபாவளி அமாவாசை இரவில் வங்காளமெங்கும் காளி பூசை நடக்கையில், இத்தலத்தில் மட்டும் அன்னையை மகாலட்சுமியாக வழிபடுகிறார்கள் என்பது பலர் அறியாத செய்தி. வங்காளப் புத்தாண்டு நாளில் வணிகர்கள் புதிய கணக்குப் பேரேடுகளைச் சுமந்து வந்து அன்னையின் திருவடியில் வைத்து, முதல் பக்கத்தில் மங்கலச் சின்னம் இட்டுச் செல்வதும் இங்கு வழக்கம். கணினி வந்த பின்னும் சிவப்புத் துணி அட்டையிட்ட அந்தப் பேரேடுகள் மறைந்துவிடவில்லை.

கோயிலுக்கு அருகிலேயே நகுலேசுவர பைரவர் சந்நிதி உள்ளது. சக்தி பீடத்தைத் தரிசித்தவர்கள் பைரவரையும் தரிசித்தாலே பலன் நிறைவு பெறும். கோயிலின் பின்புறம் ஓடும் குறுகலான கால்வாய் ஆதி கங்கை. ஒரு காலத்தில் கங்கையின் பழைய வழியாக இருந்தது. இன்று அதன் நீர் நீராடும் நிலையில் இல்லை. கரையில் நின்று வணங்கி வருவதே முறை.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பண்டாக்கள் என்னும் வழிகாட்டிகள். மெட்ரோ நிலைய வாயிலிலிருந்தே உடன் வரத் தொடங்குவர். அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொண்டையே நம்பி வாழ்பவர்கள். முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று தரிசனம் செய்விக்கும் நல்லவர்களும் உண்டு. ஆனால் தொகையைப் பேசாமல் பின்தொடர்ந்தால், சந்நிதியில் சங்கல்பம் சொல்லும் வேளையில் பெரிய தொகையைச் சொல்லி நிற்பவர்களும் உண்டு. சந்நிதியில் பேரம் பேச எவருக்கும் மனம் வராது. எனவே அழைத்துச் செல்லவும் அர்ச்சனைக்கும் சேர்த்து எவ்வளவு என்பதை வெளியிலேயே பேசி முடிவு செய்து, அந்தத் தொகையை மட்டும் சிறு நோட்டுகளாகத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பணமும் ரயில் சீட்டும் வேறொருவர் பையில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் கைகூப்பி ஒரு முறை சொல்லிவிட்டு நடந்தால் போதும்.

இரண்டாவது, இத்தலத்தில் ஆட்டுப் பலி இன்றும் நடக்கிறது. கோயில் வளாகத்தில் அதற்கென வேலி அடைத்த தனி இடம் உள்ளது. பழக்கமில்லாத குடும்பத்தினர், குறிப்பாகக் குழந்தைகளுடன் வருவோர், அப்பக்கம் திரும்பாமல் வந்துவிடலாம். அவரவர் மரபு அவரவர்க்கு.

மூன்றாவது, கூட்டத்தில் நகைகள். மெல்லிய சங்கிலியைக்கூட விடுதியிலேயே வைத்துவிட்டு வருவது நிம்மதி.

கோயில் வாயிலிலுள்ள கடைகளில் வெண்மையான சங்கு வளையல்கள் கிடைக்கும். வங்காளத்துச் சுமங்கலிகள் சிவப்பு வளையலோடு சேர்த்து அணிவது அது. நம் திருமாங்கல்யம் போல மங்கலச் சின்னம். ஊரிலுள்ள பெண்களுக்குக் கொண்டு செல்ல ஏற்ற பிரசாதம். கோயிலை ஒட்டியே, முன்பு யாத்திரிகர் சத்திரமாக இருந்த கட்டடத்தில், 1952-ஆம் ஆண்டு அன்னை தெரசா தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லம் உள்ளது. தெருவில் ஆதரவின்றிச் சாகக் கிடந்தவர்களைத் தூக்கி வந்து இறுதி நாள்களில் பராமரிக்க எழுந்த இடம் அது. காளியின் சந்நிதியின் நிழலில் அது அமைந்தது பொருத்தமே.

காளிகாட் நிலையத்திலிருந்து ராஷ்பிகாரி சாலையில் கிழக்கே சிறிது தூரம் சென்றால் லேக் மார்க்கெட். பல்லாண்டுகளாகத் தென்னிந்தியக் குடும்பங்கள் வாழும் பகுதி இது. வாழை இலையும் காப்பிப் பொடியும் தொடுத்த மல்லிகையும் விற்கும் கடைகளைக் கண்டதுமே முதியவர்கள் முகம் மலரும். இட்லியும் சாம்பாரும் கிடைக்கும் சிற்றுண்டிச் சாலைகளில் காலை உணவை முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பலாம்.

பகலில் ஒரு குளிர்ந்த இடம்

நண்பகல் ஓய்வுக்குப் பின், விடுதியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய இடம் சௌரங்கிச் சாலையிலுள்ள இந்திய அருங்காட்சியகம். 1814-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது, நாட்டிலேயே மூத்தது. இப்போதுள்ள வெண்ணிறக் கட்டடம் 1878-இல் திறக்கப்பட்டது. திங்கட்கிழமை விடுமுறை.

எகிப்து நாட்டு மம்மியைப் பார்க்கவே பிள்ளைகள் ஓடுவர். ஆனால் ஆன்மிக அன்பர்கள் தவறவிடக் கூடாதது பார்ஹுத் கூடம். மத்தியப் பிரதேசத்தில் பார்ஹுத் என்ற ஊரிலிருந்த பௌத்த தூபியின் கல் வேலியும் வாயிலும் இங்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டுள்ளன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த செந்நிறக் கற்கள். ஒரு தூணில் சிரிமா தேவதை நிற்கிறாள். திருமகளின் மிகத் தொன்மையான உருவங்களுள் ஒன்றாக அறிஞர் பலர் இதனைக் கருதுவர். மற்றொரு தூணில் குபேரன். அடியில் பிராமி எழுத்தில் அவன் பெயர் பொறித்திருக்கிறது. நம் குகைக் கல்வெட்டுகளிலுள்ள தமிழி எழுத்துக்கு உறவான எழுத்து அது.

அங்குள்ள வட்டச் சிற்பம் ஒன்று நின்று பார்க்கத் தக்கது. அநாதபிண்டிகன் என்ற வணிகன் புத்தருக்கு அளிப்பதற்காக ஜேதன் என்னும் இளவரசனின் தோட்டத்தை விலைக்குக் கேட்டான். நிலம் முழுவதும் நாணயத்தைப் பரப்பினால் தருகிறேன் என்றான் இளவரசன். சிற்பத்தில் மாட்டு வண்டி அவிழ்த்து விடப்பட்டிருக்கிறது. ஆட்கள் சதுரக் காசுகளைத் தரையில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்குகிறார்கள். தானம் கொடுக்க எண்ணியவன் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சிற்பி அதைக் கல்லில் கணக்கெழுதி வைத்திருக்கிறான்.

ஒன்றரை மணி நேரம் போதும். நடக்க இயலாதவர்கள் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கலாம். தெம்புள்ளவர்கள் மைதானத்தின் தென்கோடியில் 1921-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தையும் காணலாம். தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாச் சுரங்கங்களின் சலவைக்கல்லால் எழுந்த கட்டடம். நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து கண்டாலும் குறையில்லை.

தட்சிணேசுவரம்: மாலைத் தரிசனம்

நண்பகலில் சாத்தப்படும் தட்சிணேசுவரத் திருக்கோயில் பிற்பகல் மூன்றரை மணி அளவில் மீண்டும் திறக்கும். எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோவில் சுமார் அரை மணி நேரம். நிலையத்திலிருந்து கோயில் வாயில் வரை 2018-இல் திறக்கப்பட்ட ராணி ராஸ்மணி ஆகாய நடைபாதை உள்ளது. வாகன நெரிசலில் சிக்காமல் நடக்கலாம். கைபேசியையும் காலணியையும் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். குடும்பத்தினர் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்னதாகவே ஓரிடம் குறித்துக்கொள்வது முக்கியம்.

எட்டு ஆண்டுகள் கட்டப்பட்ட இக்கோயிலுக்கு 1855-ஆம் ஆண்டு மே 31, ஸ்நான யாத்திரை நன்னாளில் குடமுழுக்கு நடந்தது. ஒன்பது சிகரங்களுடன் நூறடிக்கும் மேல் உயர்ந்த வெண்ணிறக் கோயில். உள்ளே வெள்ளித் தாமரை மேல் பள்ளிகொண்ட சிவபெருமானின் திருமார்பில் நிற்கும் பவதாரிணி. நதிக்கரையோரம் ஒரே வரிசையில் பன்னிரண்டு சிவாலயங்கள். அவற்றின் நடுவே படித்துறைக்கு வழி. மற்றொரு பக்கம் ராதாகாந்தர் சந்நிதி. காளி, சிவன், கண்ணன் மூவரும் ஒரே முற்றத்தில்.

கோயில் எழுந்தது, பூசைக்கு அந்தணர் வரவில்லை. ராணி பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவர் கோயிலில் அன்னம் படைப்பது சாத்திர விரோதம் என்று பண்டிதர்கள் கைவிரித்தனர். எத்தனையோ பேரைக் கேட்டும் ஒரே விடைதான். கடைசியில் காமார்புகூரைச் சேர்ந்த ராம்குமார் என்ற ஏழைப் பண்டிதர் ஒரு வழி சொன்னார்: கோயிலை ஓர் அந்தணருக்குத் தானமாக எழுதி வைத்து, அவர் பிரதிஷ்டை செய்தால் தோஷமில்லை. அப்படியே ஆயிற்று. ராம்குமாரே முதல் அர்ச்சகரானார். உடன் வந்த தம்பி கதாதரன்தான் பின்னாளில் உலகம் போற்றிய ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர். ஒதுக்கியவர்களின் பெயர்களை இன்று யார் அறிவார்? ஒதுக்கப்பட்டவர் எழுப்பிய கோயிலைத் தேடி நாள்தோறும் மக்கள் வெள்ளம் வருகிறது.

குடமுழுக்கு நடந்த சில மாதங்களில் ஒரு விபத்து நேர்ந்தது. கண்ணன் திருவுருவைப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும்போது அர்ச்சகர் வழுக்கி விழ, விக்கிரகத்தின் கால் உடைந்தது. பின்னப்பட்ட உருவை கங்கையில் விட்டுவிட்டுப் புதியது செய்ய வேண்டும் என்றனர் பண்டிதர். ராமகிருஷ்ணர் வேறு விதமாகச் சொன்னார். ராணியின் மருமகனுக்குக் கால் ஒடிந்தால் அவரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மருமகனைக் கொண்டுவருவார்களா, வைத்தியம்தானே பார்ப்பார்கள் என்று கேட்டார். அவரே தம் கையால் அந்தக் காலை இணைத்துச் சீராக்கினார். பூசை தொடர்ந்தது. கோலூன்றி மெல்ல நடக்கும் தாத்தாவையும் பாட்டியையும் உடன் அழைத்து வந்திருக்கும் பிள்ளைகள் ராதாகாந்தர் சந்நிதியில் இதனை நினைத்துக்கொள்ள வேண்டும். உடைந்த காலுக்காக இறைவனையே விட்டுவிடாத இடம் இது.

முற்றத்தின் வடமேற்கு மூலையில் பரமஹம்சர் பல ஆண்டுகள் வாழ்ந்த அறை இருக்கிறது. அருகே சிறிய நகபத் மண்டபம். அதன் கீழ்த்தள அறையில்தான் அன்னை சாரதாதேவி தங்கி, வரும் அடியார்களுக்கெல்லாம் சமைத்தளித்தார். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கவே இடம் போதாத அந்த அறையைக் கண்ட பெண்மணிகள் பேச்சின்றி நின்றுவிடுவர். இன்னும் வடக்கே பஞ்சவடி. அவர் தவமிருந்த தோப்பு. மாலை ஆரத்தியில் மணியோசை எழும்போது நதியின் மேல் ஒளி மங்கிக்கொண்டிருக்கும். படியில் அமர்ந்து அதைக் கேட்பதே அன்றைய நாளின் நிறைவு.

விடுபட்டவற்றைப் பற்றி

தட்சிணேசுவரத்திலிருந்து படகில் பேலூர் மடம் செல்லலாம். 1938-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட அங்குள்ள பெருங்கோயிலின் முகப்பில் தென்னாட்டுக் கோபுரத்தின் சாயலும் உண்டு. சுவாமி விவேகானந்தர் சிகாகோ செல்லச் சென்னையில் வீடு வீடாகப் பொருள் திரட்டிய அளசிங்கப் பெருமாளையும், அவரைப் போற்றிய சேதுபதி மன்னரையும் எண்ணும்போது அந்தச் சாயல் நெஞ்சுக்கு நெருக்கமாகிறது. 1902-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று சுவாமிஜி சமாதி எய்தியதும் இம்மடத்தில்தான். ஆனால் படகில் ஏறி இறங்குவது முதியவர்களுக்கு எளிதன்று. இரவு வண்டி பிடிக்க வேண்டியவர்கள் பேலூரை மற்றொரு பயணத்துக்கு விட்டுவிடுவதே விவேகம். இரண்டு நாள்கள் இருந்தால் மறுநாள் காலையில் சாலை வழியாகவே சென்று வரலாம்.

தட்சிணேசுவரம்கூட அதிகம் என்று தோன்றும் அளவுக்குச் சோர்ந்தவர்கள் இருப்பின், அவர்களுக்கும் மாலையில் ஓர் இடம் உண்டு. எஸ்பிளனேடிலிருந்து காரில் சில நிமிடங்களில் பாபு காட் படித்துறை. ராணியின் கணவர் ராஜசந்திர தாஸின் பெயரால் அமைந்தது. அதன் அருகில் பாஜே கதம்தலா படித்துறையில் 2023 முதல் மாலைதோறும் கங்கா ஆரத்தி நடைபெறுகிறது. இங்கு நதியில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு. நீர் திடீரென உயரும். மேற்படியில் நின்று தலையில் தெளித்துக்கொள்வதே பாதுகாப்பு. வடக்கே 1943-இல் திறந்த ஹௌரா பாலம் தெரியும். அதனடியில் மல்லிக் காட் பூச்சந்தை. காளிக்குரிய செம்பருத்தி மாலைகள் விடியற்காலையில் அங்கே குவியல் குவியலாக விலையாகும்.

வீட்டில் கலந்து பேசி, யாரால் எவ்வளவு இயலும் என்பதை முன்தினமே அளந்துகொள்ள வேண்டும். காளிகாட் ஒன்றை மட்டும் தரிசித்துவிட்டு அறையில் ஓய்வெடுத்த பாட்டிக்கும், எல்லா இடங்களையும் கண்டு வந்த பேரனுக்கும் அன்னையின் கணக்கில் வேறுபாடு கிடையாது. குடும்பம் முழுவதும் நலமாக வண்டி ஏறி, கயையில் முன்னோர் பெயர்களை ஒன்றும் விடாமல் தெளிவான குரலில் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய பலத்தை வழியில் நின்று அருள்பவளே காளிகாட்டிலும் தட்சிணேசுவரத்திலும் இருக்கும் அன்னை.